கோழிக்குப் போட்ட மாத்திரை

"நேரா நில்லுங்கய்யா" என்றார் செவிலியர். நான் நேராகத்தான் நின்றுகொண்டிருந்தேன். முப்பத்தாறு வருஷம் தண்டவாளத்தின் மேல் நடந்தவனுக்கு நேராக நிற்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சுவரில் ஒட்டியிருந்த அளவுகோலைப் பார்த்து அவர் எழுதிக்கொண்ட உயரம், நான் ரயில்வேயில் சேர்ந்தபோது எழுதியதைவிட நான்கு சென்டிமீட்டர் குறைவு. அந்தப் பழைய உயரம் எனக்கு மனப்பாடம்.

"அளவுகோலை ஏத்தி ஒட்டியிருக்காங்கம்மா. எறக்கி ஒட்டச் சொல்லுங்க" என்றேன்.

"இங்க வாரவங்க எல்லாரும் இதையேதான் சொல்லுதாங்க" என்று சிரித்துவிட்டு, வெளியே போய் உட்காரச் சொன்னார்.

அது திருநெல்வேலியில் ஒரு புற்றுநோய் மருத்துவமனையின் நடைவழி. எலும்பு அடர்த்திப் பரிசோதனை (எலும்பில் சுண்ணாம்புச் சத்து எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்று குறைந்த அளவு எக்ஸ்ரே கதிரால் பார்ப்பது) செய்யும் அறைக்கு வெளியே வரிசையாக நாற்காலிகள். எல்லோருக்கும் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தது. மகள், மருமகன், தம்பி, யாரோ ஒருவர். என் பக்கத்து நாற்காலியில் நான் என் பையை வைத்திருந்தேன். "இங்கன ஆள் இருக்கா?" என்று யாராவது கேட்டால் இல்லை என்று சொல்லவேண்டி வருமே, அதற்காகத்தான் வைத்தேன்.

எனக்கு அறுபத்தாறு வயது. மணியாச்சிப் பக்கம் கீமேனாக இருந்து ஓய்வு பெற்றவன். கீமேன் என்றால், தினமும் தன் பங்குத் தூரத்தை நடந்து, தண்டவாளத்தைக் கவ்விப் பிடித்திருக்கும் இரும்புகள் தளர்ந்திருக்கின்றனவா என்று சுத்தியலால் தட்டிப் பார்ப்பவர். மனைவி இறந்து ஆறு வருஷம் ஆகிறது. ஒரே மகள் மாரிச்செல்வி ஓசூரில் இருக்கிறாள். கோவில்பட்டிக்குத் தெற்கே, கரிசல் காட்டுக்கு நடுவில் ஓர் ஊரில் என் வீடு. அந்த வீட்டில், என் சொந்தக் காலில், யார் கையையும் பிடிக்காமல் கடைசிவரை இருக்கவேண்டும் என்பதுதான் எனக்கு மிச்சமிருந்த ஒரே ஆசை. எலும்பு போனால் அந்த ஆசை போய்விடும் என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது எனக்குத் தெரியாது.

நோய் தொடங்கியது அதற்கு ஒன்றரை வருஷம் முன்னால். சிறுநீர் விட்டுவிட்டு வந்தது. வயசானால் அப்படித்தான் என்று சும்மா இருந்தேன். ஒரு நாள் ரத்தம் கலந்து வந்தபோதுதான் பயம் பிடித்தது. ரத்தம் எடுத்தார்கள், சதைத்துணுக்கு எடுத்தார்கள். புரோஸ்டேட்டில் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் அடியில் இருக்கும் சுரப்பி) புற்றுநோய் என்றார்கள். சுரப்பியைத் தாண்டிக் கொஞ்சம் வெளியே வந்திருந்தது. தூரத்துக்குப் போகவில்லை.

அப்போதே எலும்பு ஸ்கேன் எடுத்தார்கள். சுத்தமாக இருந்தது. கூட வந்திருந்த மாரிச்செல்வி சந்தோஷத்தில் அழுதுவிட்டாள். டாக்டரம்மா அன்றைக்கே இன்னொரு சீட்டும் எழுதித் தந்தார், எலும்பு அடர்த்தி பார்த்துவிட்டு வாருங்கள் என்று. அதான் எலும்பைப் பார்த்தாச்சே, இன்னும் என்னத்தைப் பார்க்க என்று அந்தச் சீட்டை மடித்து வைத்தவன்தான், ஒரு வருஷத்துக்கு மேல் எடுக்கவேயில்லை.

இதைப் படிப்பவர்கள் இங்கே கொஞ்சம் நின்று போகவேண்டும். முதல் ஸ்கேன், எலும்புக்குள் புற்று பரவியிருக்கிறதா என்று பார்ப்பது. இரண்டாவது, எலும்புக்கு வலு எவ்வளவு என்று பார்ப்பது. இரண்டும் வேறு. மேலே பளபளவென்று இருக்கும் தண்டவாளத்துக்குள் விரிசல் இருக்கும், அதைக் கண்டுபிடிக்கத் தனியாக ஒரு கருவியைத் தள்ளிக்கொண்டு வருவார்கள் என்பதெல்லாம் தெரிந்த எனக்கே இது மண்டையில் ஏறவில்லை.

கதிர்வீச்சு முடிந்தது. கூடவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு ஊசி. ஆண் ஹார்மோனை (ஆண் உடம்பில் ஊறும் சுரப்பு நீர்) அடக்கிவைக்கும் ஊசி அது. அந்த நீரைக் குடித்துத்தான் இந்தப் புற்று வளருமாம். நிறுத்தினால் புற்று பட்டினி கிடக்கும். ஆனால் எலும்பைத் தாங்கிக்கொண்டிருப்பதும் அதே நீர்தான். புற்றோடு சேர்த்து எலும்பையும் நான் பட்டினி போட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த ஊசிக்குப் பிறகு உடம்பு என் உடம்பாக இல்லை. திடீரென்று நெஞ்சிலிருந்து ஓர் அனல் கிளம்பி முகத்துக்கு ஏறும். பனியன் நனைந்து முதுகோடு ஒட்டிக்கொள்ளும். மாதவிடாய் நிற்கும் வயதில் பெண்களுக்கு வருமே, அதே அனல். என் மனைவிக்கு அது வந்த காலத்தில், "என்னத்துக்கு எந்நேரமும் விசிறிக்கிட்டே உக்காந்திருக்க?" என்று கடிந்தவன் நான். அவள் இருந்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாள். சிரித்துவிட்டு விசிறியும் விட்டிருப்பாள். அவள் இல்லாததை நான் அந்த நாட்களில் உணர்ந்ததுபோல அதற்குமுன் உணர்ந்ததில்லை.

வெயிலில் இறங்கினால் அனல் இன்னும் கூடியது. ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு ஃபேனுக்கு அடியிலேயே கிடந்தேன். வெயிலுக்குக் குறைவே இல்லாத ஊரில் மாதக்கணக்கில் வெயில் படாமல் இருந்தேன்.

ஊரில் விசாரித்தார்கள். அடிக்கடி நெல்லைக்கு எதற்குப் போகிறீர்கள், ஏன் மெலிந்துவிட்டீர்கள் என்று. "கல்லு" என்று சொல்லிவிட்டேன். எங்கள் பக்கத்து உப்புத் தண்ணீருக்கு வீட்டுக்கு ஒருவருக்காவது சிறுநீரகக் கல் உண்டு. யாரும் சந்தேகப்படவில்லை. வாழைத்தண்டு கொண்டுவந்து கொடுத்தார்கள். ஆண் ஹார்மோனை ஊசி போட்டு அடக்கியிருக்கிறது என்று தெரிந்தால் டீக்கடையில் என்ன பேசுவார்கள் என்று எனக்கு வெட்கம். வெட்கம் என்று சொல்வதுகூடக் குறைவு. ஆளே இல்லாமல் போய்விட்டதுபோல இருந்தது.

கடைசியில் டாக்டரம்மா கண்டித்து அனுப்பியபிறகுதான் அந்த நடைவழியில் போய் உட்கார்ந்தேன். முடிவைப் பார்த்துவிட்டு அவர் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"எலும்பு ரொம்ப மெலிஞ்சிருக்குய்யா. மைனஸ் ரெண்டே முக்கால்." (பூஜ்யத்துக்குக் கீழே இறங்க இறங்க எலும்பு வலுவிழந்திருக்கிறது என்று பொருள்.)

"எலும்புல புற்று இல்லையேம்மா?"

"புற்று இல்லை. ஆனா ஒரு தடவை வழுக்கி விழுந்தீங்கன்னா இடுப்பு உடையலாம். வீட்ல கூட யார் இருக்காங்க?"

"யாருமில்லை" என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

மாரிச்செல்வியிடம் ஃபோனில் சொன்னேன். அவள் என்னைப்போலவே சுற்றி வளைக்காமல் பேசுகிறவள். "அப்பா, கோவப்படாம கேளுங்க. இனிமே நீங்க ஒரு தடவை விழுந்தாலோ, ஒரு தடவை ஆஸ்பத்திரியில படுத்தாலோ, மறுபேச்சு இல்லாம எங்கூட வந்துரணும்."

"வீடு?"

"பூட்டிப் போட்டுரலாம்."

ஓசூரில் அவள் வீடு நான்காவது மாடியில். முன்பு பத்து நாள் இருந்திருக்கிறேன். அவளும் மருமகனும் வேலைக்குப் போனபிறகு, லிப்ட் ஏறுவதையும் இறங்குவதையும் காதால் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அங்கே போனால் நோயாளியாகத்தான் சாவேன் என்று நினைத்தேன். இருந்தாலும் சரி என்றேன். விழாமல் இருந்தால் போச்சு என்ற தைரியம்.

சிகிச்சை இது: வருஷத்துக்கு ஒருமுறை சோலிட்ரானிக் அமிலம் (எலும்பு கரைவதை மட்டுப்படுத்தும் மருந்து) நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். அதற்கு முன்னால் பல்லைக் காட்டவேண்டும். இந்த மருந்து ஏறியபிறகு பல் பிடுங்கினால் சிலருக்குத் தாடை எலும்பு ஆறாமல் போகுமாம். எனக்கு ஒரு கடைவாய்ப் பல் ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்கி, புண் ஆறட்டும், அடுத்த ஊசிக்கு வரும்போது ஏற்றலாம் என்றார்கள். அதுவரை தினமும் சாப்பாட்டோடு ஒரு கால்சியம் மாத்திரை, வாரம் ஒரு வைட்டமின் டி மாத்திரை.

"இதை மட்டும் விட்டுராதீங்க" என்றார் டாக்டரம்மா. "உடம்புல சுண்ணாம்பு இல்லாம இந்த மருந்தை ஏத்தினா, ரத்தத்துல இருக்கதும் கீழ போயிரும்."

தலையாட்டினேன். எனக்கு இருபது வருஷத்துக்கு முன்னால் உண்மையிலேயே ஒருமுறை கல் வந்திருக்கிறது. அதை அங்கே சொல்லியிருக்கவேண்டும். கல் என்ற சொல்லை ஊரில் பொய்க்கு எடுத்து எடுத்து, சொல்லவேண்டிய இடத்தில் அது வாயில் வரவில்லை.

பக்கத்து வீடு ரோசம்மாவுடையது. தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்து, கண் மங்கத் தொடங்கியபிறகு நின்றுவிட்டவர். கணவர் இல்லை. மகன் திருப்பூரில். இரண்டு வீட்டுக்கும் நடுவில் நெஞ்சளவு சுவர். அவருக்கு ஆறு நாட்டுக்கோழிகள். அவை மேய்வது பாதிநேரம் என் பக்கத்தில்தான்.

மாத்திரை தொடங்கிய மூன்றாம் நாள், மதியச் சாப்பாடு முடிந்து வாசலில் நின்றபடி மாத்திரையைப் பிரித்தேன். சுவருக்கு மேல் ரோசம்மாவின் தலை தெரிந்தது.

"என்ன மாத்திரை அண்ணாச்சி அது, புளியங்கொட்டை தண்டிக்கு இருக்கு?"

"கால்சியம்."

"சுண்ணாம்பா? கல்லுக்காரவியளுக்குச் சுண்ணாம்பு மாத்திரையா? எந்த டாக்டரு அது, கூறுகெட்ட டாக்டரு? எங்க கொழுந்தனுக்கு கல்லு கல்லாச் சேந்து ஆபரேசன்ல போயி நின்னுச்சு. வேண்டாம் அண்ணாச்சி, சொன்னாக் கேளுங்க."

நான் என்ன சொல்வேன்? எனக்குக் கல் இல்லை, புற்று என்றா? பொய் சொன்னவன் பொய்க்கு ஏற்றபடிதானே நடக்கவேண்டும். அதோடு எனக்கே பயம் வந்துவிட்டது. அந்தக் காலத்தில் கல் வலி வந்து தண்டவாளத்து ஜல்லியில் விழுந்து உருண்டது ஞாபகம் வந்தது. அன்றைக்குப் பார்த்த டாக்டர் "சுண்ணாம்புக் கல்லு" என்றுதான் சொல்லியிருந்தார். அந்த வலியை நினைத்தால் எலும்பாவது ஒன்றாவது என்று தோன்றியது.

"கீழ போட்டுராதீங்க" என்றார் ரோசம்மா. "ஏங் கோழிக்குப் போடுங்க. எல்லாம் தோல்முட்டையா உட்டுக்கிட்டுக் கெடக்கு."

தோல்முட்டை என்றால் ஓடு இறுகாமல், வெறும் தோல் மூடி, தொட்டால் அமுங்கும் முட்டை. அன்றிலிருந்து தினமும் சாப்பிட்ட கையோடு ஒரு மாத்திரையை அம்மியில் நுணுக்கி, கம்பில் கலந்து கோழிக்குப் போட்டேன். வைட்டமின் டி மாத்திரையை மட்டும் மேஜை டிராயருக்குள் போட்டுவைத்தேன், கோழிக்கு ஒத்துக்கொள்ளுமோ கொள்ளாதோ என்று. கோழிமேல் எனக்கு இருந்த அக்கறையைப் பாருங்கள்.

மூன்று வாரத்தில் முட்டை இறுகியது. ரோசம்மா ஒரு முட்டையைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். பழக்கதோஷம், விரலால் தட்டிப் பார்த்தேன். டக்கென்று கெட்டியான சத்தம். "பாத்தீயளா?" என்றார் அவர். எனக்கும் ஒரே பெருமை. அந்த மூன்று மாதத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மருந்து ஏற்றும் நாள் வந்தது. ரத்தப் பரிசோதனையில் சுண்ணாம்பு அளவு கீழ்க்கோட்டை ஒட்டி நின்றது. டாக்டரம்மா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாத்திரை ஒழுங்கா போடுறீங்களாய்யா?"

"ஒரு நாள் விடலம்மா" என்றேன்.

அது முழுப்பொய்யும் இல்லை. ஒரு நாள் விடாமல்தான் போட்டேன், கோழிக்கு. உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு மாதம் தள்ளிப்போட்டிருப்பார், அவ்வளவுதான். நானோ திட்டு வாங்கப் பயந்து வாயைத் திறக்கவில்லை.

அரைமணி நேரத்தில் மருந்து ஏறி முடிந்தது. மறுநாள் காய்ச்சலும் உடம்பு வலியும் வந்தன. வரும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். இரண்டு நாளில் போய்விட்டது. ஐந்தாம் நாள் காலையில் டீ போட்டுக்கொண்டிருந்தபோது உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வதுபோல இருந்தது. துடைத்துப் பார்த்தேன், எறும்பு இல்லை. பிறகு விரல் நுனிகளில் அதே ஊர்வு. டம்ளரை எடுக்கப் போனேன். கை தானாக மடங்கியது. கட்டைவிரல் உள்ளே போய், மற்ற நான்கு விரலும் விறைத்து ஒன்றாகக் கூடிக்கொண்டன. இடது கையால் பிரித்துவிடப் பார்த்தேன். இடது கையும் அப்படியே மடங்கியது.

டம்ளர் விழுந்த சத்தம் கேட்டு ரோசம்மா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டார். "அண்ணாச்சி! என்ன அண்ணாச்சி?" எனக்கு வாய் குழறியது. கதவுத் தாழ்ப்பாளை எடுக்க இரண்டு கையும் உதவாமல், முழங்கையால் தள்ளித் திறந்தபோது அவர் வாசலில் வந்து நின்றார். அந்தக் கதவுக்கு வெளியே யாரும் வராமலே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றைக்கும் என்னால் முழுதாக நினைத்துப்பார்க்க முடியவில்லை.

ஆட்டோவில் கோவில்பட்டிக்குப் போனோம். என் சிகிச்சைக் கோப்பைத் தேடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டவர் ரோசம்மாதான். மருத்துவமனையில் இளம் டாக்டர் ஒருவர் கோப்பைப் புரட்டி, பக்கத்திலிருந்த செவிலியரிடம் சொன்னார்: "புரோஸ்டேட் கேன்சர், ஹார்மோன் ஊசி, அஞ்சு நாள் முன்னாடி சோலிட்ரானிக்."

கால்மாட்டில் நின்ற ரோசம்மா என்னைப் பார்த்தார். "கேன்சரா? கல்லுன்னுல்லா சொன்னீய."

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"கால்சியம் மாத்திரை சாப்பிட்டாரா?" என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ரோசம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். "நாந்தான் டாக்டரே வேண்டாம்னேன். கல்லுன்னு சொன்னாவளேன்னு நாந்தான் கோழிக்குப் போடச் சொன்னேன். அய்யோ மாதாவே, நான் இப்பிடிப் பண்ணிட்டனே."

"அவிய மேல தப்பில்ல" என்று நான் சொன்னது யாருக்கும் புரியவில்லை. நாக்கு அப்படித் தடித்துப் போயிருந்தது.

ரத்தத்தில் சுண்ணாம்பு அளவு பாதாளத்துக்குப் போயிருந்தது. இதயத் துடிப்பைத் திரையில் பார்த்துக்கொண்டே கால்சியத்தை மெதுவாக நரம்பில் ஏற்றினார்கள். கொஞ்சம் கொஞ்சமாக விரல்கள் பிரிந்தன. முதலில் சுண்டுவிரல். என் சொந்த விரல் நான் சொன்னபடி அசைவதைப் பார்த்து அழுதேன். வெட்கமே படவில்லை.

ரோசம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா அண்ணாச்சி. தெரிஞ்சிருந்தா நான் அந்த வார்த்தைய உட்டிருப்பனா?"

"வெக்கமா இருந்துச்சு."

"என்ன வெக்கம்? ஒண்ணரை வருசமா ஒத்தைல வச்சுக்கிட்டு இருந்திருக்கீய. செவுத்துக்கு இந்தப் பக்கம் நான் ஒருத்தி மனுசியா தெரியலையாக்கும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் மாரிச்செல்வி வந்தாள். கண் வீங்கியிருந்தது. வந்ததும் வராததுமாக, "வாக்குக் குடுத்தது ஞாபகம் இருக்குல்லாப்பா?" என்றாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன்.

"கோழிக்கா?" என்றாள். "அப்பா, கோழிக்கா போட்டீங்க?" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே அழத் தொடங்கினாள். ரோசம்மாதான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

நெல்லைக்குப் போய் டாக்டரம்மா முன்னால் குற்றவாளி மாதிரி உட்கார்ந்தேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "கல்லு வந்திருந்தா அதை முதல்லயே சொல்லணும்யா. அதுக்கேத்த மாதிரி அளவையும் நேரத்தையும் நாங்க மாத்தித் தருவோம். சாப்பாட்டோட போட்டு, நிறையத் தண்ணி குடிச்சா அவ்வளவு பயப்பட வேண்டாம். நீங்களா நிறுத்தினதுதான் ஆபத்து" என்றார். வெயிலில் கிடைக்கும் வைட்டமின் டி சத்தும் தரைமட்டத்தில் இருந்தது என்றார். எலும்பு செத்த பொருள் இல்லை, தினமும் ஓரிடத்தில் கரைந்து ஓரிடத்தில் கட்டிக்கொண்டே இருக்கும் என்று அவர் சொன்னது எனக்குப் புதிது. அதுவரை எலும்பை நான் கம்பி, கட்டை என்றுதான் நினைத்திருந்தேன்.

வெளியே வந்து மகளிடம் கேட்டேன். "ஒரு வருசம் குடு. அடுத்த மருந்துக்கு முன்னால ஸ்கேன் எடுப்பாங்க. அதுல இன்னும் எறங்கியிருந்தா, நானே வீட்டைப் பூட்டிச் சாவிய உங்கையில தாரேன்."

அவள் மருந்துச் சீட்டை வாங்கிப் பார்த்தாள். "யாரு பாத்துக்குவா, நீங்க மாத்திரை போடுதீங்களான்னு?"

கூட வந்திருந்த ரோசம்மா, "நான் கேப்பேன்" என்றார்.

கேட்டார். அந்த வருஷம் முழுவதும் மதியம் நான் கை கழுவும் சத்தம் கேட்டதும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும். "போட்டாச்சா அண்ணாச்சி?" நான் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, "போட்டாச்சு" என்பேன். சில நாள் அன்றைக்கு நான் பேசும் முதல் வார்த்தையே அதுவாக இருக்கும்.

காலை வெயிலில் ஈரத் துண்டோடு நடந்தேன். அனல் வந்தால் வரட்டும் என்று. குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி பதித்தேன். குனிந்து குடம் தூக்குவதை விட்டேன். மழைக்காலம் என்றால் எங்கள் கரிசல் மண் செருப்போடு ஒட்டிக்கொண்டு ஆளைச் சாய்த்துவிடும். அந்த நாட்களில் வீட்டுக்குள்ளேயே சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கினேன். இதெல்லாம் எனக்குச் சொன்னது. உங்களுக்கு உங்கள் டாக்டர் சொல்வது வேறாக இருக்கும். ஒன்றுதான் எல்லோருக்கும் பொது: போடாத மாத்திரையைப் போட்டேன் என்று சொல்லாதீர்கள்.

கோழிகளுக்கு ரோசம்மா முட்டை ஓட்டை இடித்துப் போட்டார். அவ்வப்போது ஒரு தோல்முட்டை வரும். அதை எனக்குக் காட்டமாட்டார். நானாகப் பார்த்தால் மட்டும், "எல்லாம் ஒங்களாலதான், ஒங்க மாத்திரைய தின்னு ருசி கண்டுட்டு" என்பார்.

வருஷம் திரும்பியது. அதே நடைவழி. அதே செவிலியர் உயரம் அளந்தார். அதே நான்கு சென்டிமீட்டர் குறைவு. இந்தமுறை அளவுகோலைக் குறை சொல்லவில்லை. முடிவு வந்தது. மைனஸ் இரண்டரை. "எறங்கலைய்யா, கொஞ்சம் ஏறிக்கூட இருக்கு. ஊசி போட்டுக்கிட்டு இருக்கையில இது பெரிய விஷயம்" என்றார் டாக்டரம்மா. அன்றைக்கே மருந்தையும் ஏற்றினார்கள்.

மாரிச்செல்விக்கு ஃபோன் செய்தேன். முடிவை இரண்டு தடவை சொல்லச் சொன்னாள். பிறகு, "சரிப்பா. இருங்க" என்றாள். அந்த இரண்டு வார்த்தைக்காகத்தான் ஒரு வருஷம் பாடுபட்டேன். ரோசம்மாவுக்கு அரைக் கிலோ அல்வா வாங்கிக்கொண்டு ரயிலேறினேன். மணியாச்சி தாண்டியதும் நான் நடந்த பாதை ஜன்னலில் ஓடியது. எனக்குச் சந்தோஷத்தில் இருப்புக்கொள்ளவில்லை.

தெருவில் திரும்பும்போதே ரோசம்மா வீட்டு வாசலில் ஒரு சரக்கு ஆட்டோ நிற்பது தெரிந்தது. கட்டில், பீரோ, மாதா படம் எல்லாம் ஏறியிருந்தன. திருப்பூர் மகன் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

"எங்க போறீய?"

"திருப்பூருக்குத்தான் அண்ணாச்சி. கண்ணு சுத்தமாத் தெரிய மாட்டேங்கு. ஆபரேசன் பண்ணணுமாம். இனி ஒத்தைல இருக்க வேண்டாங்கான்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"நீங்க மட்டும் எல்லாத்தையும் சொன்னீயளாக்கும்?" என்றார். சொன்னபிறகு அவருக்கே அது பொறுக்கவில்லை. "ஸ்கேன் முடியட்டும்னு இருந்தேன். தெரிஞ்சா நீங்க கவலைல படுத்துருவீய. என்ன வந்துச்சு?"

"எறங்கல. ஏறியிருக்கு."

"பெறகென்ன. ஒங்க வீட்டுலயே இருங்க" என்று சிரித்தார். அவர் கண் என்னைத் தாண்டி எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது. எவ்வளவு தூரம் மங்கியிருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரு வருஷம் சத்தத்தை வைத்தே என்னைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். நான் ஒருநாள்கூட அவர் கண்ணைப் பற்றிக் கேட்டதில்லை.

ஐந்து கோழிகளை விற்றுவிட்டாராம். புள்ளிக்கோழியை மட்டும் என் வாசலில் விட்டுவிட்டுப் போனார். வண்டியில் ஏறி உட்கார்ந்த அவர் மடியில் அல்வாவை வைத்தேன். வண்டி கிளம்பியபோது அவர் கை அசைத்தது என் பக்கம் பார்த்து அல்ல, சுவர் இருந்த பக்கம் பார்த்து.

இது நடந்து நான்கு மாதம் ஆகிறது. ஹார்மோன் ஊசி கடைசியாக ஒன்று பாக்கி. அது முடிந்தாலும் உடம்பு பழையபடி திரும்பப் பல மாதம் ஆகலாம், முழுக்கத் திரும்பாமலும் போகலாம் என்கிறார்கள். எனக்கு இப்போது மாதம், தேதி எல்லாம் இல்லை. ஊசிக்கு ஊசி மூன்று மாதம், மருந்துக்கு மருந்து ஒரு வருஷம். நடுவில் எனக்குள் ஏதோ ஒன்று கரைந்து ஏதோ ஒன்று கட்டிக்கொண்டு இருக்கிறது. தட்டிப் பார்க்க முடியாது. நம்பிக்கொண்டு நடக்கவேண்டியதுதான்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. என் வீட்டில் இருக்கிறேன், என் காலில் நிற்கிறேன், யார் கையும் என்னைப் பிடித்திருக்கவில்லை. திருப்பூருக்கு வாரம் ஒருமுறை பேசுகிறேன். ஆபரேசன் நல்லபடியாக முடிந்ததாம். பேத்தியின் முகம் தெரிகிறதாம்.

இன்றைக்கு மதியம் மோர் ஊற்றிச் சாப்பிட்டேன். வாசலில் போய்க் கை கழுவினேன். சுவருக்கு அந்தப் பக்கம் பூட்டிய வீடு. மாத்திரையை விழுங்கினேன். காலடியில் புள்ளிக்கோழி நின்றிருந்தது.

"போட்டாச்சு" என்றேன், சத்தமாக.